கீரைப் பச்சையும் குருதி உறைதலும்

பிச்சாட்டூர்ப் பக்கம் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கீரையை இரண்டு பெயரில் கேட்டு வாங்கத் தெரியும். நாம் முருங்கைக்கீரை என்பது தெலுங்கில் முனகாக்கு, தண்டுக்கீரை தோட்டகூர. பெயர் எதுவானாலும் இலைக்குள் இருக்கும் சத்து ஒன்றுதான். அவற்றுள் வைட்டமின் கே கண்டறியப்பட்ட வரலாறு கோழிக்குஞ்சில் தொடங்குகிறது.

1929-ஆம் ஆண்டளவில் கோபன்ஹேகன் நகர அறிஞர் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனியைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். அவற்றின் தோலுக்கடியில் இரத்தம் கசிந்தது. எடுத்த இரத்தம் உறையத் தாமதமாயிற்று. பச்சிலை சேர்த்ததும் குணம் தெரிந்தது. இரத்தம் உறைவதைக் குறிக்கும் சொல் டேனிஷ், ஜெர்மன் மொழிகளில் ‘கே’ எழுத்தில் தொடங்குவதால், 1935-இல் அச்சத்துக்கு வைட்டமின் கே எனப் பெயரிட்டார். 1939-இல் அது குதிரைமசாலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. டாமுக்கும் அமெரிக்கர் எட்வர்டு டாய்சிக்கும் 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இலைக்குத்தான் இரத்தமே கிடையாதே, அதுக்கு எதற்கு இந்த வைட்டமின்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. இலையின் பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டு என்னும் மெல்லிய சவ்வு அடுக்குகள் உள்ளன. வெயிலை உணவாக்கும் வேலை அங்கே தொடங்குகிறது. ஒளி பட்டுக் கிளம்பும் எலெக்ட்ரானை வாங்கி அடுத்த இடத்துக்குக் கைமாற்றுவது வைட்டமின் கே1, அதாவது பில்லோகுயினோன். பச்சையத்துக்கு உள்ளதுபோலவே இதற்கும் எண்ணெய்த் தன்மையுள்ள நீண்ட வால் உண்டு. அதனால் சவ்விலேயே தங்கிவிடுகிறது. ஒளியமைப்பு ஒன்று என்னும் புரதத் தொகுதி ஒவ்வொன்றிலும் இரண்டு மூலக்கூறுகள் இருப்பதை, நீலப்பச்சைப் பாசியில் செய்த 2001-ஆம் ஆண்டு ஆய்வு தெளிவாகக் காட்டியது.

ஆகவே பச்சை மிகுந்த இலையில் இச்சத்தும் மிகுதி. முட்டைக்கோஸின் வெளுத்த உள்ளிலையைவிடப் பச்சை வெளியிலையில் அதிகம். எண்ணெய் விட்டுத் தாளித்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

இதற்கு எதிர்க்கதையும் உண்டு. வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மாண்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அதற்குக் காரணமான டைகூமராலை 1939-இல் பிரித்தனர். அவ்வழியில் வந்த வார்பரின் 1948-இல் எலிமருந்தாகவும், 1954-இல் மனிதர் மருந்தாகவும் ஆயிற்று. வைட்டமின் கே வேலை செய்யவிடாமல் தடுப்பதே அதன் தொழில்.

செயற்கை இதய வால்வு வைத்த நம்ம பெரியவங்க பலர் இம்மருந்தைச் சாப்பிடுகிறார்கள். பயந்து கீரையை அடியோடு நிறுத்துவதும் தவறு; திடீரென்று கூட்டுவதும் ஆபத்து. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உண்டு, இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்து, மாற்றம் வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டுச் செய்வதே முறை.