மானுக்கு ஒரு குண்டு, மனிதனுக்கு ஒரு குண்டு



அம்பாங்கானிலிருந்து குவாலா பிலா செல்லும் சாலையில் போனால், புக்கிட் புத்துஸ் மலைப்பாதையை ஒட்டிக் காடு எழுந்து நிற்பதைக் காண்கிறோம். ரப்பர் நடுவதற்காக நம் முன்னோர் வெட்டிச் சாய்த்தது இப்படிப்பட்ட காடுகளைத்தான். மலாய்க்காரர்கள் ரூசா என்று அழைக்கும் கடமானும், கீஜாங் என்று அழைக்கும் கேளையாடும் இந்நாட்டுக் காடுகளுக்கு உரியவை. சருகுமானின் பெயரையே ஓர் ஊருக்குச் சூட்டியிருக்கிறார்கள். நம் மாநிலத்திலுள்ள புக்கிட் பெலாண்டோக் என்ற ஊர்ப் பெயருக்குச் சருகுமான் மலை என்பது பொருள்.

அந்நாளில் தோட்டத்துத் துப்பாக்கி துரையின் பங்களாவில் இருந்தது. அடிபட்ட மானின் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் போகிற வேலை நம்மவர்களுக்கு வந்தது. “வெடிச் சத்தம் காலையில் கேட்டது, மான் மாலையில் கிடைத்தது, சில நாள் கிடைக்கவேயில்லை” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சுட்டவரின் குறி தவறியது ஒரு காரணமாக இருக்கலாம். குண்டு தவறானதாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மானுக்கு எந்தக் குண்டு என்ற அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் இந்திய மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. அதனை இன்று காண்போம்.

முதலில் ஒரு விளக்கம். ரைபிள் தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் பொருத்திய குண்டு. சுட்ட பின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டுக்குப் புது மூடியும் புது மருந்தும் இட்டு, தாம் விரும்பிய குண்டைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் வேட்டைக்காரர்களிடையே நூறாண்டுக்கு மேலாகவே இருந்து வருகிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் அது இன்றும் ஒரு கைத்தொழில்போல நடக்கிறது. செலவு குறைவது ஒரு நன்மை. எந்த விலங்குக்கு எந்தக் குண்டு என்று தாமே தேர்ந்துகொள்வது மற்றொரு நன்மை.

பழைய காலத்துக் குண்டு வெறும் ஈயம். 1880-களில் புகையில்லாத வெடிமருந்து வந்ததும் குண்டின் வேகம் மிகுந்தது. அந்த வேகத்தில் மெல்லிய ஈயம் துப்பாக்கிக் குழாயின் உட்புறத்தில் அப்பிக்கொண்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எட்வார்ட் ரூபின் என்பவர், ஈயக் குண்டுக்குச் செம்பால் ஓர் உறை போட்டு அந்தக் குறையைத் தீர்த்தார். உலகத்துப் படைகளெல்லாம் உறையிட்ட குண்டுக்கு மாறின.

ஆனால் இந்தக் குண்டு உடம்பில் ஊசிபோல் புகுந்து மறுபுறம் வெளியேறிவிடும். 1895-ல் சித்ரால் மலைநாட்டில் போரிட்ட பிரிட்டிஷ் இந்தியப் படையினர், சுடப்பட்ட எதிரிகள் விழாமல் ஓடி வருகிறார்கள் என்று முறையிட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற ஊரில் ஒரு வெடிமருந்துச் சாலை இருந்தது. இன்று கல்கத்தா விமான நிலையம் இருப்பதும் அவ்வூரில்தான். அங்கே மேலதிகாரியாக இருந்த கேப்டன் பெர்ட்டி கிளே, குண்டின் நுனியில் மட்டும் உறையை நீக்கி ஈயம் சற்றே தெரியும்படி செய்தார். அது உடம்பில் பட்டதும் காளான்போல் விரிந்தது. ஊரின் பெயரே குண்டுக்கும் பெயராயிற்று.

இந்தக் கருத்து முற்றிலும் புதியதன்று. ஸ்காட்லாந்திலும் இந்தியாவிலும் வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள், நுனியில் துளையிட்ட ஈயக் குண்டுகளை அதற்கு முன்பே மான்மீது பயன்படுத்தி வந்தார்கள். வேட்டைக்குண்டின் குணத்தைப் போர்க்குண்டுக்கு ஏற்றியதுதான் டம்டம் செய்த வேலை.

ஐரோப்பாவில் எதிர்ப்பு எழுந்தது. 1899 ஜூலை 29-ஆம் நாள், ஹேக் நகரில் கூடிய மாநாட்டில், மனித உடம்பில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பிரகடனம் எழுதப்பட்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன. பிரிட்டிஷ் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா சொன்ன வாதம் நினைவில் வைக்கத்தக்கது. நாகரிக நாட்டுச் சிப்பாய் அடிபட்டால் பின்வாங்கிவிடுவான். காட்டுமிராண்டியோ பல குண்டு பட்டாலும் பாய்ந்து வருவான். ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பது அந்த வாதத்தின் சாரம். பிரகடனத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. அதில் கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் நடத்தும் போரை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. குடியேற்ற நாட்டு மக்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

நேயர்களே, இங்கே சற்று நிற்போம். அதே ஆண்டுகளில்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி நம் பாட்டன் பூட்டன்மார் மலாயாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மனிதனுக்கு ஒரு குண்டு, மிருகத்துக்கு ஒரு குண்டு என்று கோடு கிழித்தபோது, கறுத்த தோலுடைய மக்களை எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. பிரிட்டன் 1907-ல் பிரகடனத்தை ஏற்றது. உள்நாட்டுப் போர்களிலும் இக்குண்டைப் பயன்படுத்துவது குற்றம் என்னும் திருத்தம் 2010-ல்தான் கம்பாலா நகரில் ஏற்கப்பட்டது. கோட்டை நேராக்க நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

மானின் கதை இதற்கு நேர்மாறானது. போரில் தடுக்கப்பட்ட அதே குண்டை மான் வேட்டையில் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம் சொல்கிறது. இது முரண்பாடாகத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே; வீண் வேதனை கூடாது என்பதே அது. போரில் ஒருவனைச் சண்டையிட முடியாமல் செய்தால் போதும். அவன் பிழைக்க வழியிருக்க வேண்டும். வேட்டையில் உயிரை எடுப்பது என்று முடிவான பின், அது நொடியில் பிரிய வேண்டும். உறை மூடிய குண்டு பட்ட மான் நெடுந்தூரம் ஓடி, எங்கோ ஒரு புதரில் கிடந்து மெல்லச் சாகும்.

விரிந்தால் மட்டும் போதுமா? போதாது. குண்டு மெல்லியதாகவும் வேகம் மிகுந்ததாகவும் இருந்தால், தோள் எலும்பில் பட்டதுமே சிதறிவிடும், நெஞ்சுக்குள் போகாது. கேளையாட்டின் எடை ஏறத்தாழ 20 கிலோ. பெரிய ஆண் கடமானோ 200 கிலோவையும் தாண்டும். இரண்டுக்கும் ஒரே குண்டு பொருந்தாது. 1946-ல் கனடாவில் ஒரு பெரிய மானைச் சுட்ட ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர், தம் குண்டு ஆழமாகப் போகாததைக் கண்டார். நடுவே செம்புத் தடுப்பு வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி முழுதாக ஊடுருவவும் ஒரு குண்டைச் செய்து, 1948-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். விரிவதும் வேண்டும், ஆழமும் வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து நிலைபெற்றது.

பின்னர் மற்றொரு குறையும் தெரிந்தது. ஈயம் நஞ்சு. சிதறிய ஈயத் துகள்கள் இறைச்சியிலும், காட்டில் விடப்பட்ட குடலிலும் கலந்துவிடுகின்றன. அதைத் தின்ற கலிபோர்னியா மலைக் கழுகுகள் மடிந்தன. 2019 ஜூலை முதல் அம்மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது என்பது சட்டம். முழுச் செம்புக் குண்டுகள் அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவை வைத்திருப்பதும், செய்வதும் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமாகும். வன விலங்குகளுக்கு 1972-லும் 2010-லும் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. காடு குறைந்தது, அதோடு மானும் குறைந்தது. ஆகவே எந்தக் குண்டு என்ற கேள்விக்கு முன்னால், சுடத்தான் வேண்டுமா என்ற கேள்வியே இன்று நம் முன் நிற்கிறது.

பித்தளைக் கூட்டின் வாயில் பொருத்துகிற சுண்டுவிரல் அளவு உலோகம் அது. யாருடைய வலியைக் கணக்கில் எடுத்தார்கள், யாருடைய வலியை விட்டுவிட்டார்கள் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. இரத்தத் தடம் பிடித்துப் போன நம் பெரியவர்களுக்கு இது ஏட்டில் படித்துத் தெரிந்த செய்தியன்று. அவர்கள் மானின் கண்ணை அருகிலிருந்து பார்த்தவர்கள். வீட்டில் அப்படி ஒரு பாட்டனார் இருந்தால், இன்றிரவு அவரைக் கேட்டுப் பாருங்கள்.