தரகுக் கூலி தருபவர் யார்?

விற்பவர் ஒருவர், வாங்குபவர் மற்றொருவர். இவ்விருவரையும் கூட்டிவைத்துப் பேரம் முடித்து, அதற்கென ஒரு பங்கு பெறுபவர் தரகர். அப்பங்கே தரகு. இச்சொல் தமிழுக்குப் புதிதன்று. பல்லவர் காலச் செப்பேடுகளில், ஊரார் அரசுக்குச் செலுத்திய வரிகளின் வரிசையில் தரகு என்னும் பெயரையும் காண்கிறோம். அரசு வரி விதிக்கும் அளவிற்கு அத்தொழில் அந்நாளிலேயே வேரூன்றியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

தரகு எவ்வளவு என்று கேட்பவர் பலர். அதனைத் தருபவர் யார் என்று கேட்பவர் சிலரே. வரலாற்றை நோக்குமிடத்து இவ்விரண்டாம் வினாவே பெரிதாகத் தோன்றுகிறது. கூலி எக்கையிலிருந்து வருகிறதோ, அக்கைக்கே தரகர் ஆளாகிறார்.

மலாயாத் தமிழர்க்கு இவ்வுண்மையை முதலில் உணர்த்தியது நிலத் தரகு அன்று; ஆள் தரகேயாம். கங்காணி தம் ஊருக்குச் சென்று, உற்றாரையும் ஊராரையும் தோட்டத்திற்கு அழைத்து வந்தார். ஆளுக்கு இவ்வளவு என்று தோட்ட நிர்வாகம் அவருக்குக் கழிவு கொடுத்தது. அவ்வாள்கள் வேலைக்கு இறங்கிய நாள்தோறும் தலைக்காசும் கொடுத்தது. ஆள் வராத நாளில் தலைக்காசு இல்லை. ஆகவே, காய்ச்சலில் கிடந்தவனையும் எழுப்பி வேலைக்கு அனுப்பும் ஆசை கங்காணிக்கு இயல்பாகவே எழும். உறவால் மாமனாகவும் அண்ணனாகவும் இருந்தவர், கூலியால் துரையின் ஆளானார். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை இவ்வாறு மலாயாவுக்கு அனுப்புவதைத் தடுத்தது. அத்துடன் ஆள் தரகின் காலம் ஏறத்தாழ முடிந்தது.

1950ஆம் ஆண்டுகளில் நிலத் தரகு முன்னே வந்தது. வெள்ளையர் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்க முற்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுகளாக்கிப் பலர்க்கு மறுபடியும் விற்றனர். இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். அப்பேரங்களில் விற்பவர்க்காகப் பேச ஆள் இருந்தது; வாங்குபவர்க்காகவும் ஆள் இருந்தது. லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தொழிலாளிக்கோ ஆள் இல்லை. அவன் விற்பவனும் அல்லன், வாங்குபவனும் அல்லன். இந்நிலையை மாற்றவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் சங்கமே தோட்டங்களை வாங்கியது. தொழிலாளி முதன்முறையாக வாங்குபவர் பக்கத்தில் நின்றான். பிரிக்பீல்ட்ஸின் பெருஞ்சாலை இன்று அப்பெருமகனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் நின்ற நிலம் பின்னர் வீட்டு மனையாயிற்று. எபிங்ஹாம் தோட்டம் இருந்த இடத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே நிலம் இருந்த இடத்தில் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. சுற்றிலும் அடுக்குமாடிகள் உயர்ந்தன. விலை உயர உயரத் தரகும் உயர்ந்தது. அது விலையில் ஒரு விழுக்காடு அன்றோ!

இத்தொழிலை ஒழுங்குபடுத்தியது 1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டம். பதிவு பெறாதவர் வீட்டுத் தரகு செய்தல் குற்றமாயிற்று. இன்று அக்குற்றத்திற்கு 3,00,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விற்பனைத் தரகுக்கும் உச்சவரம்பு உண்டு. இப்பொழுது அது நூற்றுக்கு மூன்று. விற்பவரே அதனைத் தருவது இந்நாட்டு வழக்கம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். கிள்ளானில் ஒருவர் 5,00,000 வெள்ளிக்கு ஒரு வீடு வாங்குகிறார் என்று கொள்வோம். அச்சாரமாக நூற்றுக்கு மூன்று, அதாவது 15,000 வெள்ளி, தரகு நிறுவனத்தில் கட்டுகிறார். இது வீட்டு விலையின் ஒரு பகுதி. நிறுவனம் இதனைத் தன் பணத்தோடு கலவாமல், வாடிக்கையாளர் கணக்கில் வைத்திருத்தல் வேண்டும். விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பின்னர், விற்பவர் தர வேண்டிய தரகு பெரும்பாலும் இதிலிருந்தே கழிக்கப்படுகிறது. உச்சவரம்பின்படி அத்தரகும் 15,000 வெள்ளியே! பெயரளவில் தருபவர் விற்பவர். பணம் புறப்பட்டதோ வாங்கியவர் கையிலிருந்து. ‘தரகருக்கு நானே பணம் கட்டினேன், ஆகவே அவர் என் ஆள்’ என்று வாங்குபவர் எண்ணிவிடுகிறார். தரகரோ விற்பவரால் அமர்த்தப்பட்டவர். கூடுதல் விலை பெற்றுத் தருவதே அவர் கடமை.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நெடுங்காலம் விற்பவர் தரும் தரகு, விலையில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு என்ற அளவில் இருந்தது. அதனை விற்பவரின் தரகரும் வாங்குபவரை அழைத்து வந்த தரகரும் பகிர்ந்து கொண்டனர். வாங்குபவரைத் தம் காரில் ஏற்றி வீடு வீடாகக் காட்டியவர்கூட, முன்னாளில் சட்டப்படி பெரும்பாலும் விற்பவருக்கே ஆளாக இருந்தார். 1990ஆம் ஆண்டுகளில் வாங்குபவர்க்கெனத் தனித்தரகர் வழக்கம் பரவியது. ஆயினும் கூலி பழைய வழியிலேயே வந்தது. 2023 அக்டோபரில் மிசௌரி மாநிலத்தின் கேன்சஸ் நகர நடுவர் குழு இம்முறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் நாட்டுத் தரகர் சங்கம் 41.8 கோடி டாலர் தர இசைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 17 முதல் புதுவிதிகள் நடப்பிற்கு வந்தன. வாங்குபவரின் தரகருக்கு இவ்வளவு தருவோம் என்று சங்கத்தாரின் விற்பனைப் பட்டியலில் குறிக்கக்கூடாது. வீடு பார்க்கப் போகுமுன், தம் தரகர்க்கு என்ன கூலி என்பதை வாங்குபவர் எழுத்தில் ஒப்பிட வேண்டும்.

செருமனியிலோ 2015 முதல் வாடகை வீடுகளுக்கு, அழைத்தவரே கூலி தருக என்பது சட்டம். வீட்டுக்காரர் தரகரை அழைத்திருக்க, கூலியைக் குடிவருபவர் தலையில் சுமத்திய பழைய வழக்கம் அதனால் ஒழிந்தது.

இம்மாற்றங்களால் தரகு குறையுமா என்பதைக் காலம் காட்டும். ஆனால், யார் எவருக்கு ஆள் என்பது வெளிப்பட்டுவிட்டது. அதுவே பெரும்பயன். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல, ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்தே முதல் வீட்டை வாங்குகின்றன. அது முப்பதாண்டு உழைப்பு. அப்பணத்தை அச்சாரமாக வைக்குமுன் தரகரின் பதிவு எண்ணைப் பார்த்தல் வேண்டும். அவரை அமர்த்தியவர் எவர் என்றும் கேட்டல் வேண்டும். நேர்மையான தரகர் இவ்வினாவிற்குச் சினவார். கங்காணி காலத்தில் நம் முன்னோர்க்கு இதனைக் கேட்கும் உரிமை இருந்ததில்லை. இன்று அவ்வுரிமை நமக்கு உண்டு.