பூட்டிய அலமாரியும் பொறுமைசாலிப் பெண்களும்

பெண்ணின் வலிக்கு நம் ஊரில் முதலில் எழுதித் தரப்படும் மருந்து ‘பொறுத்துக்கோ’ என்பது. மாதவிடாய்க்கு அதே மருந்து, பிரசவத்துக்கு அதே மருந்து, கருப்பைவாய்ப் புற்றுநோய் இடுப்பெலும்பை அரிக்கும்போதும் அதே மருந்து. இந்த வழக்கத்தைப் பாட்டிமார் மட்டும் வளர்க்கவில்லை. அதில் அரசுக்கும் பங்குண்டு. அந்தப் பங்கை அறிய அபினின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1820இல் காசிப்பூரில் அபின் ஆலை தொடங்கியது. சீனாவுக்கு விற்றுக் கொழுத்த லாபம் பார்த்தது. ஆலை இன்றும் இருக்கிறது, இப்போது அது இந்திய அரசின் கையில். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். அதன் காயைக் கீறி வடிக்கும் பாலே அபின். அதிலிருந்துதான் மார்ஃபின் வருகிறது. உலகத்தின் வலி மருந்துக்கு மூலப்பொருள் ஏற்றுமதி செய்த நாட்டில், உள்ளூர் நோயாளிக்கு மார்ஃபின் கிடைக்காமல் போனது எப்படி?

1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தல்காரர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டுக் கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். மருத்துவப் பயன்பாட்டுக்கு அதில் இடம் இருந்தது. ஆனால் விதிகளை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் போனது. வைத்திருக்க ஓர் உரிமம், கொண்டுவர ஓர் உரிமம், அனுப்பும் மாநிலத்தில் ஓர் உரிமம் என நாலைந்து காகிதங்கள், வெவ்வேறு துறைகளில். கடைசிக் காகிதம் கைக்கு வருவதற்குள் முதல் காகிதம் காலாவதியாகிவிடும். மருத்துவமனைகள் வாங்குவதையே நிறுத்தின. 1985க்கும் 1997க்கும் இடையில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 விழுக்காடு சரிந்து, ஆண்டுக்கு வெறும் 18 கிலோவில் வந்து நின்றது.

நான் செவிலியராக மதுரையில் வேலைக்குச் சேர்ந்தது 1988இல், அந்தச் சரிவின் நடுவில். வார்டில் இரட்டைப் பூட்டு போட்ட சிறு அலமாரி ஒன்று உண்டு. சாவி பொறுப்புச் செவிலியரிடம் இருக்கும். பணி மாறும்போது பெத்தடின் ஆம்பூல்களை எண்ணி, உடைத்த காலிக் குப்பியையும் கணக்குக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தால் முதல் கேள்வி எங்களிடம்தான். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாளைக்கு அந்த அலமாரி திறக்கும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து நோய் முற்றி வந்த பெண்களுக்கு அது திறக்காது. அவர்களுக்குத் தேவைப்பட்ட மார்ஃபின் மாத்திரை அதில் இருந்ததே இல்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இரவைக் கடத்துவார்கள். காலையில் ‘நல்ல பொறுமைசாலி’ என்று பெயர் வாங்குவார்கள்.

மருத்துவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. மார்ஃபின் என்றால் அடிமைப்பழக்கம், மூச்சு நின்றுபோகும் என்ற இரண்டு வரிதான் அவர்கள் படித்தது. உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வழிகாட்டி வெளியிட்டிருந்தது. முதல் படி பாராசிட்டமால் போன்றவை, அடுத்தது கோடீன் போன்ற மிதமான மருந்து, மூன்றாவது மார்ஃபின். ஊசியாக அல்லாமல் வாய்வழியாக, வலி வந்தபின் அல்லாமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, குறைந்த அளவில் தொடங்கி வலி அடங்கும்வரை படிப்படியாக. மலச்சிக்கலுக்கு மருந்தைக் கூடவே தர வேண்டும். நாள்பட எடுத்தால் உடல் பழகிக்கொள்ளும், திடீரென நிறுத்தினால் நடுங்கும். ஆனால் அதற்குப் பெயர் அடிமைப்பழக்கம் அல்ல. கேடு தெரிந்தும் மருந்தைத் தேடி ஓடும் நிலைதான் அடிமைப்பழக்கம். இந்த வேறுபாடு தெரியாத மருத்துவரின் பேனா பயத்தில் நின்றுவிடுகிறது. அந்தப் பயத்தின் விலையை நோயாளி கொடுக்கிறாள்.

வலிக்கும் பெண்ணை நம்பாத வரலாற்றுக்கு எதிராக எழுந்தவர்களில் முத்துலட்சுமி ரெட்டியும் ஒருவர். தங்கையின் புற்றுநோயைச் சீதபேதி என்று தவறாகக் கணித்தார்கள். 1923இல் தங்கை இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து முளைத்ததுதான் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். வலி மருந்துக்கான வழி கேரளத்தில் திறந்தது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் தோழர்களும் வலி நிவாரண சங்கம் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் வீடு தேடிப் போனார்கள். சட்டத்தை மாற்றச் சொல்லி ஆண்டுக்கணக்கில் தட்டியதன் பலன் 2014இல் கிடைத்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ ஆயின. பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்கும் நிறுவனம் அங்கீகாரம் பெற்றால் போதும், பல உரிமங்கள் தேவையில்லை.

இப்படிச் சொன்னதும் ஒரு தாய் என்னிடம் கேட்பாள்: என் மகன் மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக் கெட்டானே, நீ மருந்தைத் திறந்துவிடச் சொல்கிறாயா? நியாயமான கேள்வி. டிராமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. டபென்டடால் மாத்திரையைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் ஊசியில் ஏற்றிக்கொள்வது அன்றாடச் செய்தியாகிவிட்டது. அமெரிக்காவில் 1996இல் ஆக்சிகான்டின் மாத்திரையை விற்கத் தொடங்கிய பர்டியூ நிறுவனம் அதன் ஆபத்தை மறைத்து மருத்துவர்களை எழுத வைத்தது. 2007இலும் 2020இலும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அங்கே மருந்து கம்பெனியின் லாபம் பேனாவைப் பிடித்தது, இங்கே காவல் நிலையப் பயம் பிடித்தது. இரண்டு இடத்திலும் நோயாளியைக் கேட்க ஆளில்லை.

கேட்கத் தெரிந்த மருத்துவர் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார். வலி எங்கே, எவ்வளவு, தூக்கம் வருகிறதா என்று கேட்பார். வீட்டில் குடிப்பவர் உண்டா, மாத்திரையை யார் எடுத்துத் தருகிறார்கள், எங்கே வைக்கிறீர்கள் என்றும் கேட்பார். குடிகாரக் கணவன் இருக்கும் வீட்டில் அவள் மருந்தும் பாதுகாப்பாக இருக்காது. எனவே ஒரு மாதத்துக்கு மொத்தமாகத் தராமல் வாரத்துக்கு அளந்து தரலாம், காலி அட்டையைத் திரும்ப வாங்கலாம், பக்கத்து வீட்டு நம்பிக்கையான பெண்ணிடம் சாவியைக் கொடுக்கச் சொல்லலாம். பழக்கத்துக்கு ஆளானவர் வந்தால் விரட்டாமல் மீட்புச் சிகிச்சைக்கு அனுப்பலாம். அந்தச் சிகிச்சைக்கான மெத்தடோனும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. வலி நீக்கவும் பழக்கம் நீக்கவும் ஒரே கதவு.

இதில் பெண்களுக்கென்று ஒரு கசப்பும் உண்டு. மனம் உடைந்து வரும் பெண்ணுக்குத் தூக்க மாத்திரை சுலபமாக எழுதப்படுவதை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்தேன். அழுகையை அடக்கும் மாத்திரைக்குத் தயங்காத பேனா, வலியை அடக்கும் மாத்திரைக்குத் தயங்கியது. அவள் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டிலும் எதிர்பார்ப்பு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். படுக்கையில் கிடப்பவளின் புண்ணைப் பார்ப்பதும், அவள் முனகலைக் கேட்பதும் அவர்கள்தான். அவர்கள் குறித்துவரும் வலி அளவு, மருந்து எழுதும் மருத்துவரின் மேசைவரை போய்ச் சேர வேண்டும். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் வலி தணிப்பு மருத்துவம் இருக்கிறது. பழைய மருத்துவர்களுக்குப் பயிற்சியும், சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க ஒரு மூத்த நிபுணரின் தொலைபேசி எண்ணும் வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் நாளைய மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் இருப்பீர்கள். போகும் மருத்துவமனையில் முதல் வாரமே கேளுங்கள்: இங்கே வாய்வழி மார்ஃபின் இருக்கிறதா, இல்லையென்றால் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தீர்களா, எழுதப் பயிற்சி பெற்றவர் யார்? நோயாளி எதுவுமே கேட்க மாட்டாள். பொறுத்துக்கொள்ளச் சொல்லித்தான் அவளை வளர்த்திருக்கிறார்கள்.