பாலில்லாத இனிப்பு: நம் அடுக்களையின் பழைய கணக்கு

நம் குடியிருப்பில் விழா என்றால் இனிப்புக்கு ஆர்டர் கொடுப்போம். அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மைசூர்பாகு, பால்கோவா, குலாப் ஜாமூன், ரசமலாய், ஜாங்கிரி. ஜாங்கிரியைத் தவிர எல்லாவற்றிலும் பாலோ நெய்யோ உண்டு. அந்த ஜாங்கிரியும் பல கடைகளில் நெய் வாசனையோடுதான் வருகிறது.

இதிலென்ன குறை என்று கேட்பீர்கள். நம்மிடையே பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிற்று உபாதைப்படும் பெரியவர்கள் இருக்கிறார்கள். விலங்கிலிருந்து வரும் எதையும் உண்பதில்லை என்று தீர்மானித்த இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது வீகன், தமிழில் நனிசைவம். விழா மேசையில் இந்த மூன்று தரப்பினருக்கும் கிடைப்பது ஒரு வாழைப்பழமும் "அடுத்த முறை பார்க்கலாம்" என்ற பதிலும்தான்.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், நமக்கு ஒத்து வராது" என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். பெயர் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பது உண்மைதான். 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் நண்பர்கள் சிலரும் வீகன் சங்கத்தைத் தொடங்கினார்கள். வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் சேர்த்துப் பிறந்த பெயர் அது. பெயருக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. ஆனால் பாலில்லாத இனிப்பு நம் அடுக்களையில் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பிருந்தே இருக்கிறது.

சங்க காலத்து அப்பக் கடை

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் மதுரையின் இரவு வருகிறது. அடையும், உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் விற்றவர்கள் நள்ளிரவில் கடையிலேயே கண்ணயர்கிறார்கள். அந்த மோதகத்தின் வழிவந்த கொழுக்கட்டையை இன்றும் பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்கிறோம். மேலே அரிசி மாவு, உள்ளே தேங்காயும் வெல்லமும், ஆவியில் வேக வைத்தது. பால், நெய் எதுவும் அதற்கு அவசியமில்லை.

இனிப்புக்கு வேண்டிய கரும்பும் நம்மிடம் பழையது. அதியமானின் முன்னோர்கள் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஒளவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். கரும்பு விளையாத வறண்ட நிலத்துக்குப் பனை இருந்தது. பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. தூத்துக்குடி மாவட்டம் உடன்குடியின் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

இதை வைத்து நம் முன்னோர் எல்லாரும் நனிசைவர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. கணக்கு நேராக இருக்க வேண்டும். திருப்பாவையில் ஆண்டாள் முழங்கை வழியே நெய் வழியும் பாற்சோற்றைப் பாடுகிறாள். பாலும் நெய்யும் உயர்வாக மதிக்கப்பட்டவைதான். ஆனால் அவை கோயிலுக்கும் வசதியான வீட்டுக்கும் பண்டிகை நாளுக்கும் உரியவையாக இருந்தன. சாதாரணக் குடும்பத்தில் மாடு கறந்த பால் குழந்தைக்கும் மோருக்கும் போனபின் இனிப்புக்கு மிஞ்சியது கொஞ்சமே. எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, கடலை உருண்டை, எண்ணெயில் சுட்ட அதிரசம், தேங்காய்ப்பால் பாயசம் என்று அன்றாட இனிப்புகள் இந்தப் பற்றாக்குறையில்தான் வளர்ந்தன.

வெள்ளைச் சர்க்கரை வந்த வழி

வீட்டில் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்பார்கள், சிலர் அஸ்கா என்பார்கள். சீனி என்ற பெயர் சீனாவை நினைவூட்டுவது. அஸ்கா என்பது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலுள்ள ஊர். 1936 வரை அது சென்னை மாகாணத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சர்க்கரை ஆலை ஓடியது. ஊர்ப் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது.

அடுக்களையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துபோகும் அபாயம் உண்டு. வெள்ளைச் சர்க்கரை போட்டால் அந்தப் பயமில்லை. பால் பாயசத்துக்குச் சர்க்கரை, பருப்புப் பாயசத்துக்கு வெல்லமும் தேங்காய்ப்பாலும் என்று வீடுகளில் பிரித்து வைத்திருந்ததற்கு இது ஒரு காரணம். வெள்ளைச் சர்க்கரை மலிந்தபோது பால் இனிப்புக்கு அது வசதியான கூட்டாளி ஆயிற்று.

ஆனாலும் எங்கள் சிறு வயதில் சர்க்கரை ரேஷன் அட்டையில் வந்த பொருள். பாலும் தாராளமாகக் கிடைக்கவில்லை. அது மாறியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் வங்கிக்காரர்களுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

பால் வெள்ளமும் வங்கிப் பேரேடும்

1965இல் தேசிய பால்வள வாரியம் அமைந்தது. வர்கீஸ் குரியன் அதன் தலைவர். 1970இல் ‘ஆபரேஷன் ஃபிளட்’ தொடங்கியது. முதல் கட்டத்தில் டெல்லி, பம்பாய், கல்கத்தாவோடு நம் சென்னையும் இருந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆகியிருந்ததால், கிராமத்துக்குக் கடன் கொடுப்பது வங்கிகளின் கடமையாகவும் ஆகியிருந்தது.

1980களில் கிராமக் கிளையில் எழுத்தராக இருந்தவர்களுக்கு ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் மறக்காது. விண்ணப்பக் கட்டில் பாதிக்கு மேல் கறவை மாட்டுக் கடன். முதல் மாடு, அது பால் வற்றும் காலத்துக்கு இரண்டாம் மாடு. மாட்டின் காதில் இன்சூரன்ஸ் வில்லை. பால் சங்கத்தில் ஊற்றும் பணத்திலிருந்து தவணைப் பிடித்தம். நானும் அந்தப் பேரேடுகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பல குடும்பங்களில் அந்தப் பால் பணம்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குப் போயிற்று. ஆகவே பாலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

விளைவைப் பாருங்கள். 1970வாக்கில் நாட்டின் பால் உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன். 2022–23இல் அது சுமார் 23 கோடி டன். பால் எல்லாத் தெருவுக்கும் வந்தது. அதன்பின் பால்கோவாவும் நெய் மைசூர்பாகும் எல்லார் கைக்கும் எட்டின. ஒரு தலைமுறைக்குள் இனிப்பு என்றாலே நெய் என்று ஆயிற்று. எள்ளுருண்டை ஏழை வீட்டுப் பண்டமாகக் கருதப்பட்டு மேசையிலிருந்து இறங்கிவிட்டது.

நெய்யில்லாத எல்லாம் நல்லதல்ல

நெய்க்குப் பதிலாக வந்த ஒரு பொருளையும் சொல்ல வேண்டும். 1937இல் டால்டா விற்பனைக்கு வந்தது. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய வனஸ்பதி அது. டப்பா காலியானதும் அதில் துளசிச் செடி வைத்த வீடுகள் ஏராளம். கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் நனிசைவம்தான். ஆனால் அப்படித் தயாரான கொழுப்பிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதி என்று பின்னால் தெரிந்தது. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பாலில்லை என்பதாலேயே ஒரு பண்டம் உடம்புக்கு நல்லதாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

வெல்லமும் அப்படியே. "வெல்லம்தானே, சாப்பிடலாம்" என்று சர்க்கரை நோய் உள்ளவர்கள் சொல்வதுண்டு. வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையே. சேர்க்கப்படும் இனிப்பை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் குறைத்துக்கொண்டால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது.

கடைப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம், அவ்வளவுதான். உள்ளே பால் இருக்கலாம். நனிசைவ உணவுக்கான தனி விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022இல் வெளியிட்டது. ஆங்கில ‘வி’ எழுத்தோடு பச்சை இலை சேர்ந்த முத்திரை அதற்குரியது. நனிசைவத்தில் தேனும் சேராது. தினை மாவைத் தேனுக்குப் பதில் வெல்லத்தோடு பிசைய வேண்டும்.

இன்னும் மறையாத ஊர்ப் பண்டங்கள்

சில ஊர்கள் பழைய வழியைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வேர்க்கடலையும் வெல்லமும் சேர்ந்தது. 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. சாத்தூர்ப் பக்கத்துக் கருப்பட்டி மிட்டாய், அரிசி உளுந்து மாவை எண்ணெயில் பிழிந்து கருப்பட்டிப் பாகில் ஊற வைப்பது. கீழக்கரைத் தொதல், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுவது. இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் அதன் உறவுகள் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் முதலூரின் மஸ்கோத் அல்வா இன்னொன்று. திருநெல்வேலி அல்வாவில் மாவுப் பாலை நெய்யில் கிண்டுகிறார்கள். முதலூரில் நெய்யின் வேலையைத் தேங்காய்ப்பால் செய்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் சில மணி நேரப் பயணம்தான்.

நம் வீட்டில் செய்ய இரண்டு

முதலில் எள்ளுருண்டை. கறுப்பு எள் 200 கிராம் எடுத்துக் கழுவிக் காய வைத்து, வெடிக்கும் வரை வெறும் வாணலியில் வறுக்கவும். ஆறியதும் பொடித்த வெல்லம் 100 கிராம், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்கவும். எள்ளின் எண்ணெயே பிடித்துக்கொள்ளும். பாகு வேண்டாம், நெய் வேண்டாம். 20 உருண்டை வரும். ஓர் உருண்டைக்கு 5 கிராம் வெல்லம்தான்.

அடுத்தது பாசிப்பருப்புப் பாயசம், ஆறு பேருக்கு. பருப்பு 100 கிராம், ஒரு தேங்காய். பருப்பை வறுத்து, தேங்காயின் மூன்றாம் பாலிலும் தண்ணீரிலும் குழைய வேக வைக்கவும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து, இரண்டாம் பால் ஊற்றிக் கொதிக்க விடவும். அடுப்பை அணைத்தபின் முதல் பால், சுக்கு, ஏலம். முதல் பாலைக் கொதிக்க விட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். வழக்கமாகப் பருப்புக்கு ஒன்றரைப் பங்கு வெல்லம் போடுவோம். 150 கிராம் என்றால் ஆளுக்கு 25 கிராம், அன்றைய வரவு செலவு ஒரே டம்ளரில் முடிந்தது. 90 கிராம் போட்டால் ஆளுக்கு 15. மீதி 10 கிராம் இருப்பில் நிற்கும். நான்கு பேரீச்சம்பழம் நறுக்கிப் போட்டால் இனிப்புக் குறைவது தெரியாது. தேங்காய்ப்பாலிலும் கொழுப்பு உண்டு என்பதால் டம்ளர் சிறியதாக இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. லாக்டோஸ் செரிக்காதவர்களில் பலருக்குக் கொஞ்சம் நெய் ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாமை என்றால் நிலைமை வேறு. துளி பட்டாலும் ஆபத்து வரலாம். நெய் தொட்ட கரண்டியும் வாணலியும் கூடாது. எள்ளும் வேர்க்கடலையும் சிலருக்கு ஒவ்வாது. ஆகையால் எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

சங்க நிர்வாகத்துக்கும் உங்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. வரும் பொங்கல் விழாவில் ஒரு மேசையைப் பாலில்லாத இனிப்புக்கு ஒதுக்குவோம். கடையில் வாங்க வேண்டாம், வீட்டுக்கு ஒன்றாகச் செய்துகொண்டு வருவோம். நம் பிளாக்குகளில் எழுபது, எண்பது வயதைத் தாண்டிய அம்மாக்கள் இருக்கிறார்கள். அதிரசப் பாகின் பதம் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் அவர்கள் விரலுக்குத் தெரியும். அவர்கள் அருகில் உட்கார்ந்து அளவையும் பதத்தையும் எழுதி வாங்குங்கள். எழுதியதை எனக்குக் கொடுத்தால் அடுத்த இதழுக்குத் தொகுத்துத் தருகிறேன். பேரேடு எழுதிய கை, இதையும் எழுதும்.