டாக்சால்

சினைப்பை, மார்பகப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் மருந்து, பொதுப்பெயர் பாக்லிடாக்செல். வரிப்பணத்தில் உருவான மருந்துக்கு நியாய விலை எது என்ற விவாதத்தில் தவறாமல் அடிபடும் பெயர் இது.

1962 ஆகஸ்டில் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே, வாஷிங்டன் மாநிலக் காடொன்றில் பசிபிக் யூ மரத்தின் பட்டையை உரித்து அனுப்பினார். புற்றுநோய் மருந்து தேடி அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய தாவரச் சேகரிப்பின் ஒரு பகுதி அது. அந்தப் பட்டையிலிருந்து வட கரோலினாவில் மன்ரோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும் மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, 1971இல் அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டார்கள். செல்லின் நுண்குழல்களைக் கலையவிடாமல் இறுக்கிச் செல் பிளவை இது நிறுத்துகிறது என்று 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். நோயாளிகளிடம் நடந்த தொடக்கச் சோதனைகளும் அரசு செலவில்தான் நடந்தன.

1991இல் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் செய்தது. சோதனைத் தரவுகளும் அரசு நிலத்து யூ மரப் பட்டையும் நிறுவனத்துக்குக் கிடைத்தன. மருந்து தயாரிப்பதும் அனுமதி பெறுவதும் அதன் பொறுப்பு. எய்ட்ஸ் மருந்தான ஏஇசட்டி-யின் விலையால் எழுந்த கொந்தளிப்புக்குப் பின், 1989இல் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தாய் அமைப்பான தேசிய நலவாழ்வு நிறுவனம் ‘நியாய விலை’ விதியைக் கொண்டுவந்திருந்தது. விலைக்கும் பொது முதலீட்டுக்கும் மக்கள் தேவைக்கும் பொருத்தம் இருக்கவேண்டும் என்ற கருத்து டாக்சால் ஒப்பந்தத்திலும் இடம்பெற்றது. ஆனால் தயாரிப்புச் செலவுக் கணக்கைக் கேட்டுப் பார்க்கும் வலுவான ஏற்பாடு எதுவும் இல்லை. விதியின் அடிப்படைக் குறை அதுதான்.

1992 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. நிறுவனம் மில்லிகிராம் ஏறத்தாழ 25 சென்ட்டுக்கு வாங்கிய மூலப்பொருள், மொத்த விற்பனையில் 4.87 டாலருக்குப் போனது. அமைப்பு முன்பே வெளியாகிவிட்டதால் மூலக்கூறுக்குக் காப்புரிமை கிடையாது. ஆயினும் சட்டம் அளித்த ஐந்தாண்டுத் தனியுரிமையும் பிந்தைய வழக்குகளும் சேர்ந்து மலிவான மாற்று மருந்தை 2000 வரை தள்ளிப்போட்டன.

நிறுவனங்கள் கூட்டாய்வுக்கு வரத் தயங்குகின்றன என்று கூறி, 1995 ஏப்ரலில் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் இயக்குநர் ஹெரால்ட் வார்மஸ் நியாய விலை விதியை நீக்கினார். முழு அதிகாரத்துடன் ஒருமுறைகூடச் செயல்படுத்திப் பார்க்காத விதியை, பயனற்றது என்று தள்ளியது சரியான முடிவாகாது.

2003இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் கணக்கை வெளியிட்டது. 2002 வரை டாக்சால் தொடர்பான ஆய்வுகளுக்கு அரசு செலவிட்டது 48.4 கோடி டாலர். தன் பங்குக்கு 100 கோடி செலவானதாக நிறுவனம் சொன்னது. விற்பனை 900 கோடி டாலர். அதிலிருந்து தேசிய நலவாழ்வு நிறுவனத்துக்கு உரிமத்தொகையாக வந்தது 3.5 கோடி. இதே மருந்துக்காக, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1994 முதல் 1999 வரை 68.7 கோடி டாலர் கொடுத்திருந்தது.