மேசையில் இடம் பெறாதவர்கள்

2014 ஜூன் 2-ஆம் நாள், ஆப்கானிஸ்தானின் ஹெராத் மாகாணத்தில், அகதி வாழ்விலிருந்து தாயகம் திரும்பிய மக்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றைப் பார்க்கச் சென்றிருந்த இயேசு சபைக் குருவானவர் அலெக்சிஸ் பிரேம்குமார் கடத்தப்பட்டார். சிவகங்கைச் சீமையில் பிறந்த அவருக்காகச் செபித்த மாதங்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எட்டு மாதங்களுக்கும் மேலாகச் சிறைப்பட்டிருந்தவர் 2015 பிப்ரவரி 22 அன்று விடுதலையானார். ஆயுதம் ஏந்தியவர்களோடு பேசலாமா என்னும் வினா அந்நாள்களில் நமக்கு ஏட்டு வினாவாக இருக்கவில்லை. எவரோடாயினும் பேசி அவரை மீட்டுத் தாருங்கள் என்றே நாம் மன்றாடினோம்.

அதே வினாவை அந்நாடு 20 ஆண்டுகள் சுமந்தது.

2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் ஆப்கானியரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க மாநாடு கூடியது. வீழ்ந்துகொண்டிருந்த தாலிபான்களுக்கு அங்கே அழைப்பில்லை. அந்த நாள்களிலேயே காந்தகார்ப் பகுதியில் அவர்களுடைய தலைவர்கள் சிலர், ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புவது பற்றி ஹமீத் கர்சாயியிடம் பேசிக்கொண்டிருந்தனர். முல்லா ஓமர் கௌரவத்தோடு வாழ வழிவிடும் எந்த ஏற்பாட்டையும் ஏற்க இயலாது என்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்டு அறிவித்தார். நியூயார்க்கின் கோபுரங்கள் சாய்ந்து மூன்று மாதங்கள்கூட நிறைவடையவில்லை. ஏறத்தாழ 3,000 பேரைப் பறிகொடுத்திருந்த மக்களிடம் அவ்வேளையில் மன்னிப்பைப் பற்றிப் பேச எவருக்கு நா எழும்? ஆயினும் வென்றவன் தோற்றவனுக்குக் குறைந்த விலையில் சமாதானம் தரக்கூடிய காலம் அதுவே என்பது நம் எண்ணம்.

அம்மாநாட்டை நடத்திய ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமி, தாலிபான்களை அழைக்காமல் விட்டதே தங்கள் ஜென்மப் பாவம் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். அல்ஜீரிய நாட்டு முஸ்லிமான அவர் நம் ஞானோபதேசச் சொல்லைக் கையாண்டது வியப்பே; பொருத்தமும் அதில் இருந்தது. செய்தவர் ஒருவர், சுமப்பவர் அவர் வழிவந்தோர் அல்லவா?

பின்னர் நேர்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2009 டிசம்பரில் அதிபர் ஒபாமா மேலும் 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்த அதே உரையில், 2011 ஜூலையில் அவர்கள் திரும்பத் தொடங்குவார்கள் என்றும் கூறினார். எதிரி நாள்காட்டியைப் பார்த்துக் காத்திருக்க அதுவே போதுமானதாயிற்று. 2010-இல் பேச்சுவார்த்தைக்கு வந்தவர் என்று காபூலில் வரவேற்கப்பட்டு, பணமும் பெற்றுச் சென்ற தாலிபான் தலைவர், ஓர் ஆள்மாறாட்டக்காரர் என்று பிறகு தெரியவந்தது. நகைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 2011 செப்டம்பர் 20 அன்று சமாதானத் தூதன் என்று சொல்லி வந்தவன் தலைப்பாகையில் வெடிகுண்டை மறைத்து வந்து, உயர் சமாதானக் குழுவின் தலைவர் புர்ஹானுத்தீன் ரப்பானியைக் கொன்றான். அதன் பின் எவர் எவரை நம்புவது?

எனினும் 2018-ஆம் ஆண்டை நாம் தாண்டிச் செல்ல இயலாது. அவ்வாண்டு மார்ச் மாதம் ஹெல்மண்ட் மாகாணத்தின் லஷ்கர்கா நகரில் விளையாட்டரங்கின் அருகே குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். அதைக் கண்டு மனம் வெதும்பிய சாமானியர் சிலர், ரமலான் நோன்போடு, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காபூலை நோக்கி நடந்தனர். கண்ணிவெடியில் பார்வையிழந்த இளைஞர் ஒருவரும் அவர்களோடு நடந்தார். இரு தரப்பாரும் போரை நிறுத்திப் பேச வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அவர்கள் தலைநகரை நெருங்கிய வேளையில் ஈகைத் திருநாளை முன்னிட்டு மூன்று நாள்கள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. தாலிபான் வீரர்கள் நகரங்களுக்குள் வந்து அரசுச் சிப்பாய்களைக் கட்டித் தழுவினர், சேர்ந்து படமெடுத்துக்கொண்டனர். நான்காம் நாள் மீண்டும் சுடத் தொடங்கினர்.

2020 பிப்ரவரி 29 அன்று தோகாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் செய்தன. அந்நியப் படைகள் 14 மாதங்களில் வெளியேறும் என்பது வாக்குறுதி. தாலிபான் சார்பில் கையொப்பமிட்ட முல்லா பராதர், 2010-இல் கராச்சியில் பிடிபட்டு எட்டாண்டுகள் சிறையிலிருந்தவர். காபூல் அரசு அதில் கையொப்பமிடவில்லை. ஆனால் 5,000 கைதிகளை விடுவிக்கும் பொறுப்பு மட்டும் அதன் தலைமேல் விழுந்தது.

பேசியது தவறென்று நாம் சொல்லவில்லை. அந்நியர் வெளியேற்றம் ஒன்றே அரசின் தரப்பில் மீதமிருந்த விலைமதிப்புள்ள பண்டம். அது கைமாறிய பிறகே, 2020 செப்டம்பர் 12 அன்று ஆப்கானியர் ஆப்கானியரோடு பேச அமர்ந்தனர். அரசுக் குழுவில் நான்கு பெண்கள் இருந்தனர். எதிர்ப்புறம் ஒருவரும் இல்லை. ஹெல்மண்டிலிருந்து நடந்து வந்தவர்களுக்கோ இருபுறமும் இருக்கை இருக்கவில்லை. பேச்சு முடியுமுன்பே, 2021 ஆகஸ்டு 15 அன்று, காபூல் வீழ்ந்தது. அடுத்த மாதம் மேல்வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறந்தபோது, ஆண்பிள்ளைகள் மட்டுமே அழைக்கப்பட்டனர்.