மெய்நிகர் ஓப்பராவில் பனுவலாசிரியர்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஓப்பராவின் சொற்பகுதியாகிய லிப்ரெட்டோ இக்கட்டுரையில் பனுவல் எனப்படுகிறது. அச்சு நூலாகக் கைக்கு வந்த பனுவல், மேடைக்கு மேலுள்ள எழுத்துத் திரைக்கு மாறி, மெய்நிகர் கருவிக்குள் இடமற்றுப் போன வரலாற்றையும், அம்மாற்றத்தால் இளம் நாடக ஆசிரியரின் எழுத்துவாழ்வு அடையும் இடரையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

மெய்நிகர் உண்மை என்னும் தொடரைக் கணினியாளர்களுக்கு முன்பே நாடகவியலார் ஆண்டுள்ளனர். பிரெஞ்சு நாடகச் சிந்தனையாளர் அந்தோனன் ஆர்த்தோ அரங்கின் இயல்பை விளக்க இத்தொடரைக் கையாண்டார். அக்கட்டுரை 1938-இல் வெளிவந்த 'நாடகமும் அதன் இரட்டையும்' என்னும் நூலில் உள்ளது. ஜாரன் லேனியர் 1980களில் இதனைக் கணினித் துறையில் பரப்பினார். எழுதப்பட்ட பனுவலின் மேலாண்மையிலிருந்து அரங்கை விடுவிக்க வேண்டும் என்பதே ஆர்த்தோவின் கொள்கை. அவர் ஆண்ட தொடரின் பெயரால் அமைந்த கலைவடிவில் இன்று பனுவலாசிரியர் தமக்குரிய இடத்தைத் தேட நேர்ந்திருப்பது எதிர்பாராத பொருத்தமே.

எஞ்சி நின்ற ஏடு

ஓப்பராக்களுள் முதலாவதாகக் கருதப்படும் 'தாஃப்னே' 1598-ஆம் ஆண்டையொட்டிப் புளோரன்ஸில் அரங்கேறியது. யாக்கோப்போ பேரியும் யாக்கோப்போ கோர்சியும் அதற்கு இசையமைத்தனர். அவ்விசையில் சில பகுதிகளே இன்று கிடைக்கின்றன. ஒட்டாவியோ ரினுச்சீனி எழுதிய பனுவலோ முழுமையாக உள்ளது. 1608-இல் மாந்துவா அரச குடும்பத் திருமணத்தின்போது அரங்கேறிய மொந்தெவெர்தியின் 'அரியான்னா'வுக்கும் அதே கதிதான். நாயகியின் புலம்பல் நீங்கலாக அதன் இசை மறைந்தது. ரினுச்சீனியின் சொற்கள் நின்றன. இரு படைப்புகளின் கதையமைப்பையும் இன்று நாம் அறிவது பெரும்பாலும் அச்சிட்ட அச்சிற்றேடுகளின் வழியாகவே.

அவ்வேடு காப்பகப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. அதுவே பனுவலாசிரியரின் பிழைப்பு. 1637-இல் வெனிஸில் சான் கசியானோ அரங்கு கட்டணம் செலுத்தும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வளர்ந்த வணிக அரங்குகளில், பனுவலாசிரியரின் வருவாய் ஏட்டின் விற்பனையையும், அதனை யாருக்குக் காணிக்கையாக்கினாரோ அப்புரவலரின் கொடையையும் பெரிதும் சார்ந்திருந்தது. பார்வையாளர் சிறு மெழுகுதிரி வெளிச்சத்தில் ஏட்டைப் படித்தவாறே பாட்டைக் கேட்டனர். மெழுகுக் கறை படிந்த படிகள் இன்றும் நூலகங்களில் உள்ளன. ஒரு நூல் எவ்வாறு படிக்கப்பட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

1983-இல் டொராண்டோவில் கனடிய ஓப்பரா நிறுவனம் 'எலெக்ட்ரா'வை நிகழ்த்தியபோது பனுவலின் மொழிபெயர்ப்பு மேடைக்கு மேலே ஒளியெழுத்தாகக் காட்டப்பட்டது. முறை விரைவில் பிற நாடுகளுக்கும் பரவியது. சொல் கையை விட்டு நீங்கினாலும் கண்ணை விட்டு நீங்கவில்லை.

கருவிக்குள் சொல்

மெய்நிகர் கருவி இந்த இரண்டாம் வாய்ப்பையும் குலைக்கிறது. கண்களை மூடிய கருவிக்குள் ஏட்டைப் படிக்க இயலாது. எழுத்தை ஒரே திசையில் நிறுத்தினால், திரும்பிப் பார்ப்பவர் அதனைத் தவறவிடுவார். தலையசைவைப் பின்தொடரச் செய்தால் அது காட்சியை மறைக்கும். பாடப்படும் சொல்லோ பேசப்படும் சொல்லைப் போல எளிதில் காதுக்குப் பிடிபடுவதில்லை. எனவே குறைந்த சொற்களில், எத்திசை நோக்கி நின்றாலும் பொருள் விளங்குமாறு எழுத வேண்டியதாகிறது.

2021-இல் லண்டன் ராயல் ஓப்பரா அரங்கின் லின்பரி கூடத்தில் நிகழ்ந்த 'கரண்ட், ரைசிங்' இதற்குத் தக்க சான்று. சமந்தா ஃபெர்னாண்டோ இசையமைக்க, மெலனி வில்சன் பனுவல் எழுதினார். ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடக இறுதியில் ஏரியல் விடுதலை பெறுவதே அதன் தூண்டுகோல். ஒரு வேளைக்கு நால்வர் மட்டுமே காண முடியும். நீளம் ஏறத்தாழ 15 நிமிடம். நூற்றுக்கணக்கானோர் ஒரே இரவில் காணும் அரங்கை நம்பி எழுதிய தலைமுறையினரின் வருவாய்க் கணக்கு இங்கே பொருந்தாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அயர்லாந்தின் அனுபவம் வேறு வகையானது. ஐரிஷ் நேஷனல் ஓப்பரா 2022-இல் கில்கெனி கலைவிழாவில் 'அவுட் ஆஃப் த ஆர்டினரி' என்னும் மெய்நிகர்ச் சமூக ஓப்பராவை வெளியிட்டது. ஐரிஷ் மொழியிலும் தலைப்புக் கொண்ட இப்படைப்பு ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவி பெற்ற 'டிராக்ஷன்' திட்டத்தின் ஒரு பகுதி. இசை ஃபினோலா மெரிவேல்; பனுவல் நாடக ஆசிரியர் ஜோடி ஓநீல்; இயக்கம் ஜோ மங்கன். டப்ளினை அடுத்த டாலா, ஐரிஷ் மொழி பேசப்படும் இனிஷ் மான் தீவு முதலிய இடங்களின் மக்கள் பயிலரங்குகளில் பங்கேற்று இதனை உருவாக்கத் துணைநின்றனர். இங்கே நாடக ஆசிரியரின் பணி தனியறையில் எழுதுவதோடு நிற்பதில்லை. பலருடைய சொற்களைக் கேட்டுத் தெரிந்து, பாடத்தக்க வடிவில் கோப்பதும் அவர் பணியாகிறது. இதனை ஆசிரியத்துவத்தின் தேய்வெனக் கொள்வாரும் உளர். தொகுத்தலையும் படைப்புத் தொழிலாகவே மதித்த இலக்கிய மரபில் பயின்ற நமக்கு அவ்வாறு கொள்ளத் தோன்றவில்லை.

கருவியின் ஆயுள்

இத்துறையில் கால்வைக்கும் இளம் எழுத்தாளருக்குப் பேரிடர் வேறோர் இடத்தில் உள்ளது. கூகுளின் 'டேட்ரீம்' 2016-இல் வந்து 2019-இல் கைவிடப்பட்டது. 2018-இல் விற்பனைக்கு வந்த 'ஆக்குலஸ் கோ'வின் விற்பனை 2020-இல் நின்றது. ஒரு கருவிக்கென அமைந்த படைப்பைப் பிறிதொன்றுக்கு மாற்றப் பொருளும் ஆளும் வேண்டும். மறுநிகழ்வே நாடக ஆசிரியரின் புகழுக்கும் உரிமைத்தொகைக்கும் அடிப்படை. கருவி மறைந்தால் மறுநிகழ்வும் மறையும். ரினுச்சீனிக்கு நேர்ந்ததுபோல் பனுவலேனும் எஞ்ச வேண்டுமாயின், அது தனி நூலாக அச்சேற வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. உரிமை ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் வைத்துக்கொள்வது நன்று.

எதனை அச்சிடுவது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. பார்வையாளர் திரும்பும் திசைக்கேற்பக் கேட்கும் வரி மாறுமாறு எழுதப்படும் பனுவலில் எல்லாக் கிளைகளும் ஒரே ஆசிரியரின் சொற்களே. ஏடு பெயர்த்தெழுதியோரால் நேர்ந்த பாடவேறுபாடுகளைக் களைந்து மூலபாடத்தை நாடும் நமது பதிப்புமுறை இதற்கு அப்படியே உதவாது. கிளைகளை அடுத்தடுத்து நிரல்படுத்துவதா, இணைநிரல்களில் அருகருகே தருவதா, ஒவ்வொரு வரிக்கும் பார்வைத் திசையைக் குறிப்பதா என்பதைப் பதிப்பாசிரியர் படைப்புதோறும் முடிவு செய்ய வேண்டியிருக்கும். எழுதியவர் அருகிலிருக்கும்போதே அவரிடம் கேட்டு முடிவு செய்வது எளிது.